பெரியவரின் மூக்கு

"பழங்குடின்னு சான்றிதழ் இருந்தா இலவசம். இல்லேன்னா டிக்கெட் எடுக்கணும்" என்றாள் ஜோயா.

தெரெந்தி திறந்தவெளி அருங்காட்சியகத்தின் டிக்கெட் கூண்டுத் துவாரம் வழியே அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பில் கலைமான் தோல் அங்கி. காலில் தொடைவரை ஏறிய மான்தோல் காலணி. புருவ மயிரில் பனி கட்டிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர் பனிவண்டி ஓட்டி வந்தவன்.

"என்னைப் பார்த்தா மாஸ்கோக்காரன் மாதிரியா இருக்கு?"

"பார்த்தாத் தெரியுதுங்க. ஆனா காகிதம் வேணும். போன மாசம் ஒருத்தர் வாடகைக்கு அங்கி எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து ஏமாத்திட்டாரு."

"அங்க புகையுது பாரு ஒரு வீடு. அது எங்கப்பன் கட்டின வீடு. அதுக்குள்ள போக நான் யார்னு நீ எழுதித் தரணுமா?"

"அது மூணாம் எண் வீடு" என்றாள் ஜோயா. அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அந்த வீடு அப்படித்தான் தெரியும்.

ஐம்பது அடி தள்ளிப் பாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்த யெஃபிம் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினான். மச்சான் வருவான் என்று அவனுக்குத் தெரியும். நாளைக்கு வருவான் என்று நினைத்திருந்தான். ஒரு நாள் முந்திவிட்டான்.

"ஜோயா, விடுங்க. என் மச்சான்."

"அப்ப உன் பேர்ல எழுதிக்கிறேன். ஊழியரோட உறவினர், ஒண்ணு."

தெரெந்தி தடுப்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கை நீட்டவில்லை. யெஃபிமும் நீட்டவில்லை.

இறந்துபோனவள் ஒருத்திக்கு இவன் அண்ணன், அவன் புருஷன். அவள் பெயர் உலியானா. நாலு வருஷத்துக்கு முன் ஏப்ரல் மாதத்தில், உறைந்த ஓப் ஆற்றின் பனிமேல் யெஃபிம் வண்டி ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பனி இளகிச் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. யெஃபிம் அதைப் பார்த்தான். பார்த்தும் ஓட்டினான். வண்டி உள்ளே போனது. அவன் வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு தெரெந்தி அவனோடு பேசியது மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் அவளைப் பற்றித்தான்.

"தேதி ஞாபகம் இருக்கா, மாப்ள?"

"இருக்கு. நாளன்னைக்கு."

"நாலு வருஷம்."

"நாலு."

"ஆம்பளைக்கு அஞ்சு, பொம்பளைக்கு நாலு. மறந்திருப்பியோன்னு பார்த்தேன். படிச்சவனாச்சே." தெரெந்தி பல்லிடுக்கில் துப்பினான். "உன் வீட்டுக்குப் போவோம். அவளை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பணும். பனி இளகுது. நாளைக்கு ராத்திரிக்குள்ள கல்லறைக்குப் போய்ச் சேரணும்."

அவளை என்று அவன் சொன்னது ஒரு சாண் உயரப் பொம்மையை. உலியானாவை அடக்கம் செய்த அன்று அவளுடைய அத்தை செய்தது. உள்ளே மரம், மேலே அவளுடைய சட்டைத் துணி, தலைக்கு அவளுடைய முடி. செத்தவளின் உயிர்களில் ஒன்று அதில் தங்கும். புருஷன் அதற்குச் சோறு வைப்பான், தேநீர் ஊற்றுவான், ராத்திரி படுக்கவைப்பான், காலையில் எழுப்புவான். நாலு வருஷம் முடிந்ததும் கல்லறை மேல் கட்டிய சின்ன மரவீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடவேண்டும். அப்புறம்தான் அந்த உயிர் தன் சொந்தத்தில் எங்காவது ஒரு பிள்ளையாகத் திரும்பி வரும்.

"தாயிஸ்யாவுக்கு இது ஒன்பதாம் மாசம்" என்றான் தெரெந்தி. தாயிஸ்யா அவன் பெண்டாட்டி. "போன ரெண்டும் தங்கலை. தெரியுமில்ல? தொட்டில்ல போட்டு, செத்தவங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லித் தூக்கிப் பார்த்தோம். எந்தப் பேருக்கும் தொட்டில் கனக்கலை. யாரும் வரலை. யாருமே வராம வெறும் சதையாப் பொறந்த பிள்ளை எப்படித் தங்கும்? இந்தத் தடவை உலியானா வருவா. அவ வந்தா தங்கும். பிடிவாதக்காரி."

"ம்."

"என்ன ம்? நட. உன் வீடு எந்தப் பக்கம்?"

"அவ அங்க இல்லை, மச்சான்."

தெரெந்தி நின்றான்.

யெஃபிம் புகைகிற வீட்டைக் கையால் காட்டினான்.

வெகுநேரம் தெரெந்தி அந்தப் புகையைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியதுபோலத் தெரிந்தது. "அப்பன் வீட்டுலயா வெச்சே?"

"என் வீடு மூணாவது மாடி. மேல நாலாவதுல ஒரு பொம்பளை இருக்கா. நாள் பூரா குதிகால் செருப்பு போட்டு நடப்பா. இவ தலைக்கு மேலேயே."

"பொம்பளை மேல நடக்கிற இடத்துல அவளை எப்படி வைக்கிறது" என்றான் தெரெந்தி, தனக்குத்தானே சொல்வதுபோல. "சரி. உன் ஆயுசுல ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கே. வா."

யெஃபிம் முன்னால் நடந்தான். நடக்கும்போது எதையும் யோசிக்கவில்லை. நாலு வருஷமாக அவன் அப்படித்தான் நடக்கிறான்.

பாதையின் இரண்டு பக்கமும் பதினோரு ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த வீடுகள். உயரக் கால்களில் நிற்கும் சாமான் கூடங்கள். மான்தோல் கூடாரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பலகை. ஒன்றில் நாய் வண்டி, இழுக்க நாய் இல்லை. இன்னொன்றில் மீன் வலை, கீழே ஆறு இல்லை. தெரெந்தி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் களிமண் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யெஃபிம் தினமும் காலை எட்டு மணிக்கு அதைப் பற்றவைப்பான். வலது கைப்பக்கம் பலகைத் திண்டு. சின்ன வயதில் உலியானா படுத்துத் தூங்கிய இடம். அங்கே பறவைத் தோல் விரிப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். மணி கோத்த சின்னச் சட்டை. முகத்தை மூடிய சிவப்புச் சால்வை. முன்னால் ஒரு கிண்ணத்தில் தேநீர். ஆவி இன்னும் அடங்கவில்லை.

திண்டுக்கு முன்னால் இரண்டு பித்தளைத் தூண்கள். நடுவே சிவப்புக் கயிறு.

தெரெந்தி கயிற்றைப் பார்த்தான். குனிந்து அதற்கடியில் நுழைந்தான். மண்டியிட்டான். சால்வையைத் தொடாமல் சட்டையின் ஓரத்தை மட்டும் ஒரு விரலால் தூக்கினான். ஓரத்தில் வெள்ளை நாடா தைத்திருந்தது. நாடாவில் கறுப்பு மையில் 2316.

"இது என்னடா?"

"எண்."

"எண்ணுன்னு எனக்குத் தெரியுது. எங்க மான் காதுலகூட நாங்க எண் போடுறதில்லை. என் தங்கச்சிக்கு என்ன எண்ணு?"

"போன வருஷம் கணக்கெடுப்பு நடந்தது, மச்சான். உள்ள இருக்கிற எல்லாத்தையும் பட்டியல்ல ஏத்தினாங்க."

"ஏத்தினாங்கன்னா யாரு?"

"குழு. ராயிசா அர்க்காதியெவ்னா. இயக்குநரம்மா."

"நீ எங்க இருந்தே?"

"இங்கதான்."

"வாய்ல என்ன வெச்சிருந்தே?"

யெஃபிம் சொன்னது பாதிதான். குழு வந்தது உண்மை. இயக்குநரம்மா இந்தத் திண்டின் முன் நின்று, "இது பழைய பட்டியல்ல இல்லையே, எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டதும் உண்மை. "என்னோடது, எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவன் சொல்லவில்லை. அட்டையை வாங்கி அவனே நிரப்பினான். பொம்மை, பெண். மரம், துணி, முடி. நிலை நன்று. வழங்கியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டான். நாடாவையும் அவனேதான் தைத்தான். பதினோரு தையல்.

பட்டியலில் ஏறிய பொருள் வெளியே போகாது. அது அவனுக்குத் தெரியும். அந்த அருங்காட்சியகத்தில் அது தெரியாதவர்கள் இல்லை.

"சரி" என்றான் தெரெந்தி. "ஏத்தினாங்க. இப்ப நான் இறக்குறேன்." கையைப் பொம்மையின் பக்கம் கொண்டுபோனான்.

"மச்சான், தொடாதீங்க. போலீஸ் கேஸ் ஆயிடும். அரசாங்கச் சொத்து."

தெரெந்தி மெல்லத் திரும்பினான்.

"என்ன சொன்னே?"

"அவங்க சட்டம் அப்படி."

"அவங்க சட்டத்தை நீ ஏன்டா மனப்பாடமாச் சொல்றே? ஒரு வருஷம். ஒரு வருஷமா என் தங்கச்சி அரசாங்கச் சொத்துன்னு உனக்குத் தெரியும். எங்க கூடாரத்துக்கு ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேதி வரும்னு உனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கணும்."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. எழுதினது யாரு?"

"குழுதான்."

தெரெந்தி எழுந்தான். கயிற்றைத் தாண்டவில்லை, தூணோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வந்தான். பித்தளை தரையில் விழுந்து உருண்டது. அவன் வாசலுக்குப் போனான். இயக்குநரம்மாவைத் தேடித்தான் போகிறான் என்று யெஃபிம் நினைத்தான். வாசலில் நின்ற தெரெந்தி போகவில்லை. வீட்டின் பின்மூலையைப் பார்த்தான்.

அங்கே மரத் தட்டில் கரடித் தலை இருந்தது. முன்பாதங்கள் இரண்டின்மேல் தலையை வைத்துப் படுத்திருப்பதுபோல. கண்களில் வெள்ளிக் காசு, கழுத்தில் துணி. தெரெந்தியின் அப்பா கொன்று, விருந்தாளியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து நாள் பாட்டுப் பாடிக் கொண்டாடிய கரடி. கரடி என்று அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். வீட்டைக் கொடுத்தபோது அப்பா அவரையும் சேர்த்துத்தான் கொடுத்தார். வீடு இருக்கிற இடத்தில்தான் பெரியவர் இருக்கவேண்டும் என்று சொன்னார்.

"இங்க வா" என்றான் தெரெந்தி.

யெஃபிம் போனான்.

"குழுதான் எழுதுச்சுன்னு பெரியவர்கிட்டச் சொல்லு." தெரெந்தி இடுப்புக் கத்தியை உருவிப் பிடியை நீட்டினான். "அவர் மூக்குல வெட்டிச் சத்தியம் பண்ணு. அப்புறம் நான் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன். உன்னைத் தூக்கிச் சுமந்துக்கிட்டுப் போய் அந்த இயக்குநர்ப் பொம்பளைகிட்டச் சண்டை போடுவேன்."

யெஃபிம் கத்தியை வாங்கினான். தெரெந்தி குனிந்து பெரியவரின் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் முகம் கோணியது.

"இது என்ன கர்மம்?"

பெரியவரின் மூக்குக்குமேல் இன்னொரு மூக்கு இருந்தது. கறுப்புக் கம்பளித் துணியில் செய்தது. காதுக்குப் பின்னால் ரப்பர் நாடா.

"பார்வையாளர்களுக்கு" என்றான் யெஃபிம். "சத்தியம் பண்ற மாதிரி விளையாடுவாங்க. பிளாஸ்டிக் கத்தி குடுப்போம்."

"என்னன்னு சத்தியம் பண்ணுவாங்க?"

"தம்பியோட சாக்லேட்டை நான் திங்கலை. அந்த மாதிரி."

"தின்னவனுக்கு என்ன ஆகும்?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடுப்பே."

"ஆமா."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"சனி ஞாயிறு ஆறு தடவை."

தெரெந்தி சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் முகம் பழையபடி ஆனது. "அந்தக் கோமாளி மூக்கைக் கழட்டு."

யெஃபிம் கழற்றினான். கீழே உண்மையான மூக்கு. வறண்டு, கறுத்து, விரிசல் விட்டது. குறுக்கே இரண்டு பழைய வெட்டு. ஒன்று அவன் மாமனார் காலத்துச் சத்தியம். மான் திருட்டு. சத்தியம் பண்ணியவனை மூன்றாம் வருஷம் பெர்ரிப் புதர்க்காட்டில் கரடி அடித்தது. அதை யெஃபிம் பார்வையாளர்களுக்குச் சொல்வான். சொன்னதும் அவர்கள் படம் எடுப்பார்கள்.

தினமும் அவன்தான் இந்தத் தலைக்குத் தூசி தட்டுகிறான். மென்மயிர்த் தூரிகையால், மேலிருந்து கீழாக. இதற்கும் எண் உண்டு, 1147. எண் போட்ட கரடிக்குக் காது கேட்குமா என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்தான். கத்தி முனை மூக்கைத் தொட்டது.

"சொல்லு. பொய் சொன்னா இதே வாயால என்னைத் தின்னுன்னு சொல்லு. சனி ஞாயிறு சொல்றியே."

கத்தி முனை அங்கேயே நின்றது. பயமா என்றால் பயமில்லை. கரடி தின்றால் தின்னட்டும். நாலு வருஷமாக அவன் அதற்கு ஆட்சேபம் சொல்லும் நிலையில் இல்லை. ஆனால் கை இறங்கவில்லை. மச்சானிடம் சொன்ன பொய்யை இவரிடம் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

"நான்தான் எழுதினேன்" என்றான்.

தெரெந்தி அசையவில்லை.

"ஏன்?"

"எழுதினா வெளிய போகாது."

"புரியிற மாதிரி சொல்லு."

"நாலு வருஷம் முடிஞ்சாலும் போகவேண்டாம். பட்டியல்ல இருந்தா நீங்க வந்து கேட்டாலும் குடுக்கமாட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லவேண்டியதில்லை. அவங்க சொல்லிடுவாங்க."

அடுத்தது அடி. முஷ்டி நேரே முகத்தில் இறங்கியது. யெஃபிம் பின்னால் சாய்ந்து மான்தோல் விரிப்பில் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சூடாக இருந்தது.

"ஆத்துல அவளைக் குடுத்தே" என்றான் தெரெந்தி. சத்தம் போடவில்லை. "இப்ப ஆபீஸ்ல குடுத்தே. அடுத்தது என்னடா? கண்ணாடிப் பெட்டியா?"

"யெஃபிம்! அந்த விரிப்புல சொட்டாதே, அது எண் நானூத்திப் பத்து!"

வாசலில் ராயிசா அர்க்காதியெவ்னா நின்றாள். ஜோயா போன் பண்ணியிருக்கவேண்டும். தோளில் கோட்டு, காலில் அலுவலகச் செருப்பு. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. விழுந்த தூணைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். கடைசியில்தான் யெஃபிமின் முகத்தைப் பார்த்தாள்.

"யார் நீங்க?"

"இந்த வீட்டுக்காரன். உள்ள வந்துட்டீங்களே, செருப்பைத் தட்டிட்டு வந்திருக்கலாம்."

"கத்தியைக் கீழ வைங்க."

"கத்தி உங்க ஆள் கையில இருக்கு."

அது உண்மைதான். யெஃபிம் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சியை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்று தெரெந்தி திண்டைக் காட்டினான். "நாளன்னைக்கு நாலு வருஷம் முடியுது. எங்க பழக்கம் என்னன்னு உங்க பலகையிலேயே எழுதி வெச்சிருக்கீங்க. வாசல்ல இருக்கு, நான் படிச்சேன். அழகா எழுதியிருக்கீங்க."

ராயிசா யெஃபிமைத் திரும்பிப் பார்த்தாள். "இது உன் மனைவியோடதா?"

"ஆமா."

"அப்ப ஏன்... அட்டையில யாரோடதுங்கிற இடத்துல 'தெரியாத பெண்'னு எழுதினியே!"

தெரெந்தி அந்த வார்த்தையை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். தெரியாத பெண்.

"பாருங்க" என்றாள் ராயிசா. குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குப் புரியாம இல்லை. எனக்கும் செத்தவங்க இருக்காங்க. ஆனா ஏறினதை நான் இறக்க முடியாது. மனு எழுதணும். குழு கூடணும். மேல அனுப்பணும். ஆறு மாசம் ஆகும்."

"நாளன்னைக்கு."

"நாளன்னைக்கு திங்கள்கூட இல்லைங்க, ஞாயிறு!"

"அவளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது."

"என்னைக் கிண்டல் பண்ணினா காரியம் நடக்காது. பொருள் குறைஞ்சா கேஸ் என்மேல. என் கையெழுத்து. நான் வந்து ஒண்ணரை வருஷம்தான் ஆகுது, புரியுதா? அட்டையைக் கொண்டுவரேன். உங்க மாப்பிள்ளை கையெழுத்தைப் பாருங்க. காவலாளியையும் கூட்டிட்டு வரேன். பத்து நிமிஷம். யாரும் எதையும் தொடக்கூடாது. யெஃபிம், பொறுப்பு உன்னுது." வாசலில் நின்று மறுபடி சொன்னாள். "விரிப்பை விட்டு எந்திரி."

அவள் செருப்புச் சத்தம் பனியில் நொறுங்கிக்கொண்டே போனது.

தெரெந்தி அடுப்பைப் பார்த்து நின்றான். "தெரியாத பெண்" என்றான்.

யெஃபிம் எழுந்தான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். திண்டுக்குப் போய் மண்டியிட்டான். பொம்மையின் சட்டை ஓரத்தைத் திருப்பிக் கத்தி முனையை முதல் தையலுக்குள் விட்டான். நூல் அறுந்தது. இரண்டு. மூன்று. பதினொன்றும் அறுந்ததும் நாடா தனியாக வந்தது. அதைத் திண்டின்மேல் வைத்தான்.

பிறகு அவளைத் தூக்கினான். எடையே இல்லை. அவள் முடியில் அடுப்புப் புகை வாசனை.

"குடு" என்றான் தெரெந்தி.

யெஃபிம் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போனா. குடுடா."

"குடுக்கிறேன்."

"குடுக்கிறேன்னு சொல்லிட்டு நிக்கிறே." தெரெந்தி நீட்டிய கையைக் கீழே போட்டான். எதையோ கண்டுபிடித்தவன்போல அவனைப் பார்த்தான். "நீ இன்னொண்ணு செய்வே."

யெஃபிம் தலை நிமிர்ந்தது.

"செய்வே. அவ சட்டை உன்கிட்ட இருக்கு. அவ சீப்பு இருக்கு, சீப்புல முடி இருக்கும். நான் ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள நீ இன்னொண்ணு செஞ்சு வெச்சு டீ ஊத்துவே. அவ என்ன பண்ணுவா? இங்கிட்டு ஒரு கை, அங்கிட்டு ஒரு கைன்னு இழுபடுவா. என் பிள்ளைக்குள்ள பாதிதான் வருவா. பாதி வந்த பிள்ளையை வெச்சு நான் என்ன பண்றது?"

நேற்று மாலை யெஃபிம் ஒரு மரத்துண்டைத் தேர்ந்து வைத்திருந்தான். ஒரு சாண். பைன் மரம். வீட்டில் மேஜைமேல் இருக்கிறது. இயக்குநரம்மா ஒருவேளை விட்டுக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

"பெரியவர்கிட்ட வா" என்றான் தெரெந்தி.

இந்த முறை யெஃபிம் தானாகவே போனான். இடது கையில் அவள். வலது கையில் கத்தி.

"இன்னொண்ணு செய்யமாட்டேன்னு சொல்லு."

"இன்னொண்ணு செய்யமாட்டேன்."

"பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன்."

"கூப்பிடமாட்டேன்."

"பிள்ளை பொறக்கும். தொட்டில் கனக்கும். கனக்கிறப்ப நீ அங்க நிக்கக்கூடாது. பொண்ணு வளரும், நடக்கும், பேசும். அவ மாதிரியே சிரிப்பா. ஒருநாள் உன் முன்னாடி வந்து நிப்பா. அன்னைக்கு நீ அவளுக்கு யாரு?"

யெஃபிமுக்குத் தொண்டையில் ரத்தம் இறங்கியது. விழுங்கினான்.

"மாமா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"வெட்டு."

வெட்டினான். காய்ந்த தோல் எளிதில் இறங்கவில்லை. அழுத்தினான். பழைய இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே புதிதாக ஒன்று. "பொய் சொன்னா இதே வாயால என்னைத் தின்னு" என்றான். சனி ஞாயிறுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். அதன் எடை எவ்வளவு என்று இதுவரை அவனுக்குத் தெரியாது. தட்டைப் பிடித்துக்கொண்டான்.

தெரெந்தி அவளை வாங்கிக்கொண்டான். சால்வையைச் சரிசெய்து, அங்கியின் கழுத்து வழியே உள்ளே, மார்போடு வைத்தான்.

யெஃபிம் உள்பையிலிருந்து ஒன்றை எடுத்தான். எலும்புச் சீப்பு. பல்லிடுக்கில் நாலைந்து நீள முடி. அதை வீட்டில் வைப்பதில்லை. எங்கே போனாலும் கூடவே இருக்கும். நீட்டினான். நீட்டிய விரல்கள் உடனே திறக்கவில்லை. தெரெந்தி காத்திருந்தான். பிடுங்கவில்லை. அன்று அவன் காட்டிய மரியாதை அது ஒன்றுதான்.

விரல்கள் திறந்தன.

"நான் கல்லறை வரைக்கும் வரட்டுமா, மச்சான்?"

தெரெந்தி வாசலில் குனிந்துகொண்டே சொன்னான்.

"வேணாம். பனி இளகிக் கிடக்கு. ரெண்டு பேர் பாரம் தாங்காது."

போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் டிக்கெட் கூண்டுப் பக்கம் ஜோயாவின் குரல், பனிவண்டி உறுமும் சத்தம். பிறகு அதுவும் ஆற்றுப் பக்கம் இறங்கி மெலிந்தது. யெஃபிம் காது கொடுத்துக் கேட்டான். சத்தம் திடீரென்று நிற்கவில்லை. சீராகத் தேய்ந்துகொண்டே போய் அக்கரையில் அடங்கியது. அதன் பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

ராயிசா அட்டையோடும் காவலாளியோடும் வந்தபோது அவன் கீழே விழுந்த தூண்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். கயிற்றைக் கொக்கியில் மாட்டினான். கயிற்றுக்குப் பின்னால் பறவைத் தோல் விரிப்பு, ஆறிப்போன தேநீர், ஒரு நாடா.

"எங்க?"

"போயிட்டா."

"யெஃபிம், விளையாடாதே. எங்க பொருள்?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். அட்டையில வழங்கியவர் நான். எடுத்தவரும் நான்னு எழுதிக்குங்க. உங்க கையெழுத்து வேண்டாம், என்னுது போடறேன்."

"இது திருட்டு! உனக்கு வேலை போகும். வேலை மட்டுமில்லை, தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா..." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை பின்மூலையில் போய் நின்றது. "கடவுளே. இந்த மூக்கை யாரு வெட்டினது?"

"நான்."

"எதுக்கு? அதுக்குத்தானே துணி மூக்கு செஞ்சு வெச்சிருக்கோம்!"

காவலாளி வாசலருகே நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். ராயிசா, செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்பவள்போல, கோப்பைத் திறந்தாள். சேதப் படிவம் ஒன்றை உருவினாள். கோட்டுப் பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்துப் பெரியவரின் மூக்கில் வைத்தாள்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "மூக்கு. புது வெட்டு. ரெண்டு சென்டிமீட்டர்."

"ரெண்டரை" என்றான் யெஃபிம். "சரியாப் பாருங்க."

அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள். அடித்துத் திருத்தினாள்.

"சேதத்துக்குக் காரணம்?"

"சத்தியம்."

பேனா படிவத்தின்மேல் நின்றது. ஈரம், எலி, பூச்சி, தீ, பார்வையாளர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன.

"அப்படி ஒரு கட்டம் இல்லை" என்றாள். "மற்றவைன்னு போடறேன்."

"போடுங்க."

போட்டாள். படிவத்தை அவன் பக்கம் திருப்பினாள். அவன் முழுவதும் படித்தான். அப்புறம் கையெழுத்திட்டான். மூக்கிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. ராயிசா அதைப் பார்த்தாள். அப்படியே கோப்பை மூடினாள்.